நூறு படிவம், ஒன்பது பதில்

எம்.காம். கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட்டுக்காக எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது, வரிசை எண்படி எனக்கு வாய்த்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு சுந்தரபாண்டியத்துக்காரி. வகுப்பில் ஜன்னலோரமாக உட்காருவாள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். நான் ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போது அவள் தலைப்புக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பாள். பட்டியலைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு ஆளோடு சேர்த்துவிடச் சொல்லி, ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் கைடிடம் போய் நின்றேன். அவர் மேசையில் எங்களைப் போலப் பதினான்கு பேரின் ப்ராஜெக்ட்டும் திருத்தாத விடைத்தாள் கட்டும் கிடந்தன. "போங்கம்மா, போயி வேலயப் பாருங்க" என்றார். அதோடு சரி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வயசு அது. ஆனால் அந்தத் தடவை கோபத்துக்குக் காரணமும் இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு மில் அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் இடம் ஒன்று காலியாகப் போகிறது, ஜூன் மாதம் எம்.காம். முடித்த சான்றோடு வந்தால் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா மில் வேலையில் இருமல் தாங்காமல் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா பேண்டேஜ் துணி மடிக்கிற ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தங்கச்சி பிளஸ் டூ எழுதிவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்தாள். நான் ஜூனில் வேலைக்குப் போனால் அவள் அந்த வருஷமே கல்லூரிக்குப் போவாள். என் ப்ராஜெக்ட் தள்ளிப்போனால் அவளும் ஷெட்டுக்குத்தான் போகவேண்டும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கச்சி மட்டும் அடிக்கடி என்னிடம் வந்து, "ப்ராஜெக்ட் எம்புட்டு முடிஞ்சிருக்கு?" என்று கேட்பாள்.

ஆய்வு முறை என்ற பாடத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மதிப்பெண். மாதிரிகளை எடுப்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் கூட்டாளி அந்தப் பாடத்தில் தட்டுத் தடுமாறித் தேறியவள். ஆகவே இந்தப் ப்ராஜெக்ட்டை நான்தான் இழுத்துக்கொண்டு போகவேண்டும், அவள் கூட வந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிப் பெண்களுக்கு வங்கிச் சேவையில் எவ்வளவு மனநிறைவு என்பதுதான் எங்கள் தலைப்பு. முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்கள். துளிகூட ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று, முழுசாக ஒத்துக்கொண்டால் ஐந்து. ராஜபாளையத்தில் நூறு பேரிடம் நான் வாங்குவது, ஸ்ரீவில்லிபுத்தூரில் நூறு பேரிடம் அவள் வாங்குவது என்று பிரித்துக்கொண்டோம்.

நான் என் நூறையும் நான்கே நாளில் முடித்துவிட்டேன். அதற்கு எனக்கு ஒரு வழி இருந்தது. என் சித்தி எங்கள் தெரு மகளிர் குழுவின் ஊக்குநர். குழுவைக் கூட்டுவது, நோட்டு எழுதுவது, பேங்கோடு பேசுவது எல்லாம் அவள்தான். அவளிடம் போய் நின்றதும், "இதுக்காட்டி வீடு வீடா அலைவ? ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வா" என்றாள். மற்றக் குழுக்களின் ஊக்குநர்களுக்கும் அவளே போன் போட்டாள். அங்கன்வாடி வாசலில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அந்த வட்டத்தில் இருந்தாள். நான் படிவங்களைக் கொடுத்துவிட்டுக் கேள்விகளைச் சத்தமாக வாசித்தேன்.

"பேங்க்ல மரியாதையா நடத்துதாவளா?" என்று சித்தி வட்டத்தைப் பார்த்துத் திருப்பிக் கேட்டாள். "நடத்துதாவ. எல்லாரும் நாலு போடுங்க."

"அஞ்சு போட்டா என்ன?" என்றாள் ஒருத்தி.

"அஞ்சு போட்டா நம்ப மாட்டாவ. நாலு போடு."

பன்னிரண்டு பேனாக்களும் நாலில் குத்தின. நாலாவது கேள்வியில் ஒரு அக்கா மட்டும், "எனக்கு ரெண்டு. போன மாசம் என்னய..." என்று ஆரம்பித்தார். "அதப் பொறவு தனியாப் பேசுவோம், இப்ப நாலு" என்றாள் சித்தி. அக்கா நாலு போட்டார். அம்மா பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு படிவமும் என் கைக்கு வந்துவிட்டன. சித்தி எனக்குத் தெய்வமாகத் தெரிந்தாள்.

இப்படியே ஒன்பது குழுக்கள். ஒன்பது வட்டங்கள், ஒன்பது இடங்களில் காப்பி. நான் நூறு முடித்த அன்று என் கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் கையில் முப்பத்தேழு இருந்தது.

"நீ நூறு முடிக்கதுக்குள்ள எந் தங்கச்சிக்குக் கல்யாணமே ஆயிரும்" என்றேன்.

"கேட்டாத்தான சொல்லுவாவ. கேக்க நேரமாவுது" என்றாள். அவ்வளவுதான் பதில்.

என் நூறையும் நானே கணினியில் ஏற்றினேன். பாதிக்கு மேல் விரல்கள் தாளைப் பார்க்காமலே ஓடின. அதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கை பழகி வேகம் வந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தேன். பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. விடை ஒன்றை நெருங்க நெருங்க நல்லது என்பார்கள். எங்களுடையது ஒன்றைக் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டு நின்றது. கைடு திரையை எட்டிப் பார்த்து, "பரவாயில்லயே, அடுத்த சாப்டருக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் என் கூட்டாளி கல்லூரி லேபுக்கு வந்தாள். ஏற்றியதைத் தாளோடு ஒரு தடவை சரிபார்க்கணும் என்றாள். எதற்கு என்றேன். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள். முதல் மதிப்பெண் வாங்கிய எனக்கு அது நினைவில் இருந்தது, செய்யவேண்டும் என்றுதான் தோன்றவில்லை. எப்படியோ போ என்று படிவக் கட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு நான் முன்னுரை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் நூறு படிவங்களும் அவளைச் சுற்றி ஒன்பது அடுக்காக இருந்தன.

"ஏட்டி, செத்த இங்க வா" என்றாள். ஓர் அடுக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். முதல் தாள், இரண்டாவது தாள், ஐந்தாவது தாள், எல்லாவற்றிலும் முப்பது கேள்விக்கும் அதே கட்டங்கள். அடுத்த அடுக்கும் தனக்குள் அப்படித்தான். "நூறு பேரு இல்லட்டி. ஒம்பது பேருதான் இருக்காவ."

எனக்குக் குப்பென்று வேர்த்தது. வேர்த்தால் எனக்குக் கோபம் வரும். "நீ முப்பத்தேழ வச்சிக்கிட்டு எந் நூறக் கொற சொல்லுதியா? கைடே சரின்னுட்டாரு" என்றேன். லேபில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு அந்த நம்பர மட்டுந்தான பாத்தாரு" என்றாள். குரல் உயரவே இல்லை. "எங்க அம்மாவும் குழுவுலதான் இருக்காவ. லோன் குடுக்கதுக்கு முன்ன பேங்க்ல இருந்து குழுவ மதிப்புப் போட வருவாவல்லா? அதுக்கு ஒரு வாரம் ஒத்திக நடக்கும். யாரக் கேட்டாலும் ஒரே பதிலு சொல்லணும். ஒருத்தி மாத்திச் சொன்னா குழுவுல ஒத்துமயில்லன்னு எழுதிருவாவ. ஒன் பாரத்தையும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாவ. தீர்மான நோட்டுல எல்லாரும் ஏகமனதான்னு கையெழுத்துப் போடுவோம்ல, அது மாதிரி. அவிய மேல தப்பில்ல. நாமதான் கூட்டத்துல போயிக் கேட்டிருக்கோம்."

நாம என்றாள். கேட்டது நான் ஒருத்தி. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அன்று அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டிக்கொள்ளவில்லை. "இன்னும் பதினெட்டு நாளுதான் இருக்கு. திரும்ப எடுத்தா முடியாது. எனக்கு ஜூன்ல வேல" என்றேன்.

"தெரியும். எனக்கு அப்பிடி அவசரம் ஒண்ணுமில்ல. அதனால நீ சொல்லுதபடியே செய்வோம்" என்று அடுக்குகளை ஒவ்வொன்றாக ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வைத்தாள். பிறகு, "வைவாவுல கேள்வி கேக்க வாரவிய யாராச்சும் என்னப் பாத்துக் கேட்டா எனக்கு வேற மாதிரி சொல்ல வராது. அத மட்டும் முன்னமே சொல்லிக்கிடுதேன்" என்றாள். மிரட்டலாக அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்று ஒருத்தி சொல்வதைப் போலத்தான் இருந்தது.

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில், கூட்டத்தில் ரெண்டு என்று ஆரம்பித்த அக்காவைப் பார்த்தேன். குடத்தை வைத்துவிட்டு, போன மாசம் பேங்க்ல என்ன நடந்தது என்று கேட்டேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று நாள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாளும் ஷெட் சம்பளம் போயிருக்கிறது. மூன்றாவது நாள் அங்கே இருந்த ஒருவர், வீட்டில் படித்தவர் யாரும் இல்லையா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருக்கிறார்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லக்கா?"

"சொல்ல வந்தேன். நீதான் அடுத்த கேள்விய வாசிச்சிட்டியே தாயி."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கூட்டாளிக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வருதியா?" என்று மட்டும் கேட்டேன். "வாரேன்" என்றாள். மன்னிப்பும் கேட்கவில்லை, ஏன் என்றும் அவள் கேட்கவில்லை.

அடுத்து வந்த இரண்டு வாரத்தில் நான் படித்தது முந்தைய இரண்டு வருஷத்தில் படித்ததைவிட அதிகம். அவள் காலையில் சுந்தரபாண்டியத்திலிருந்து கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் ராஜபாளையத்தில் இறங்கிவிடுவாள். மத்தியானத்துக்கு மேல் நான் அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். இருவருக்கும் ஒரே ஒரு விதி. பதில் சொல்கிற பெண் தனியாக இருக்கவேண்டும்.

எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணைத் தனியாகப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்த ஆய்வு முறைப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்குப் போனால் மாமியார் வந்து உட்காருவார். பக்கத்து வீட்டுக்காரி என்ன விசேஷம் என்று எட்டிப் பார்ப்பாள். வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவார். நான் என்றால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். அவள் சண்டை போடமாட்டாள். மாமியாரிடமும் ஒரு படிவத்தை மரியாதையாக நிரப்பி வாங்கிக்கொண்டு, "மதினி, பஸ் ஸ்டாப் எங்கன இருக்கு, வந்து காட்டுதியளா?" என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்தத் தெருமுனைவரை நடக்கிற நேரம்தான் அவளுடைய பேட்டி. மில் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற பெண்களோடு கூடவே நடப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோவில் வாசலில் பூ விற்கிற அம்மாவோடு உட்கார்ந்து ஒன்றரை முழம் பூக்கட்டிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டில், "ரா, கூச்சோ" என்று கூப்பிட்டதும் போய்த் தரையில் உட்கார்ந்து, அந்தம்மா புளி உடைத்து முடிக்கும்வரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டு பொறுத்திருந்தேன்.

மனநிறைவு உண்டா என்று அவள் நேரே கேட்கமாட்டாள். "கடைசியா பேங்குக்குப் போனியள்லா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்பாள். பிறகு சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருத்தல்தான் எனக்கு வராதது. பதில் வரத் தாமதமானால் நானே எடுத்துக்கொடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் அடுத்த கேள்விக்குத் தாவுவேன். அவள் தாவமாட்டாள். அந்த இடைவெளியில் அவர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பேனாவை எடுப்பாள். கட்டங்களில் குறித்துவிட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொள்வாள். படிவத்தில் பெயர் கிடையாது. உங்க பேரு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

நடுவில் சித்திக்கு விஷயம் தெரிந்து, அவளை எங்கள் தெருமுனையில் நிறுத்திவிட்டாள். "எங் குழுவ நம்பலியாக்கும்?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். சித்தியின் வாய்க்குப் பயந்து நானே இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன்.

"நம்பாம இல்ல சித்தி. குழுவுக்கு என்ன நெனப்புன்னு தெரிஞ்சு போச்சு. அதுல இருக்க ஒவ்வொருத்தவியளுக்கும் என்ன நெனப்புன்னுதான் தெரியல" என்றாள் அவள்.

சித்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இவ யாரு பெத்த பிள்ள?" என்று என்னிடம் கேட்டுவிட்டு வழியை விட்டாள். எங்கள் தெருவை அவள் மட்டும் எடுக்கட்டும் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். என்னைத் தெரிந்தவர்கள் என்னிடம் உள்ளதைச் சொல்லமாட்டார்கள் என்பது அவள் கருத்து. எனக்கு அது கொஞ்சம் குத்தினாலும் ஒத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் எங்கள் தெருவில் இருந்த இரண்டு நாளும் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்புவரை ஓடியும் இருநூறு சேரவில்லை. அவளுடைய பழைய முப்பத்தேழையும் சேர்த்து நூற்றிருபத்தெட்டுதான் வந்தது. போதும் என்று லேபில் உட்கார்ந்தோம். அவள் வாசிக்க நான் ஏற்றினேன். இந்தத் தடவை விரல்கள் தானாக ஓட வழியே இல்லை. ஒருத்தி இரண்டு என்ற இடத்தில் இன்னொருத்தி ஐந்து என்றாள். ஒவ்வொரு தாளுக்கும் நான் நின்று நின்றுதான் போகவேண்டியிருந்தது.

ஒரு தாளில் அவள் குரல் லேசாகத் தயங்கியது. வயது நாற்பத்தாறு, பேண்டேஜ் மடிப்பு வேலை, பிள்ளைகள் இருவர். எங்கள் பக்கம் எட்டுப் பேருக்கு ஒருத்தர் அப்படித்தான் இருப்பார்கள். ஏற்றிக்கொண்டே போனேன். பதினேழாவது கேள்வி, என் வங்கிக் கணக்கை நானே இயக்குகிறேன் என்பது.

"ஒண்ணு" என்றாள்.

ஒன்றைத் தட்டினேன். முப்பதும் முடிந்ததும், சரிபார்க்கத் தாளைக் கொடு என்று கை நீட்டினேன். இதை நானே சரிபார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வெடுக்கென்று வாங்கிப் பார்த்தேன். பதினேழாம் கேள்வியின் ஓரத்தில் அவளுடைய சின்ன எழுத்தில் இருந்தது: "கார்டு மூத்தவகிட்ட இருக்கு. நம்பரும் அவளுக்குத்தான் தெரியும். கேட்டா வள்ளுன்னு விழுவா. படிச்ச பிள்ள, அவ பாத்துக்கிடுவா."

அந்த ஏ.டி.எம். கார்டு அப்போது என் பைக்குள் இருந்தது. அதன் ரகசிய எண் என் பிறந்தநாள். கணக்கு ஆரம்பித்த அன்று அம்மாவைக் கேட்காமல் நானே வைத்தது. ஷெட் சம்பளம் வந்து விழுந்ததா என்று ஒருநாள் அம்மா கேட்டபோது, உனக்குச் சொன்னால் புரியவா போகிறது என்று நான் சீறியதும் நினைவுக்கு வந்தது. குழுக் கூட்டத்தில் இதே பதினேழாம் கேள்விக்கு அம்மா நாலு போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"இது எங்கம்மாதான?" என்று கேட்டேன்.

அவள் தாளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள். "பேரு எழுதலல்லா. பேரு கேக்க மாட்டோம், யாருக்கும் சொல்ல மாட்டோம்னு சொல்லித்தான வாங்குனோம்" என்றாள்.

"எனக்குக்கூடவா?"

"யாருக்கும்னா யாருக்குந்தான்."

நான் அழுதேன். அவள் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவிட்டு அடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ம் என்றதும் வாசிக்க ஆரம்பித்தாள். அவளை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று இதுவரை அவளிடம் நேராகச் சொன்னதில்லை. சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

குறித்த தேதி மாலையில் ப்ராஜெக்ட்டைக் கொடுத்தோம். இருநூறு எங்கே என்று கைடு முகம் சுளித்தார். கையெழுத்துப் போடுவதற்குள் என் உயிர் போய் வந்தது. வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த அம்மையாரும் முதல் பக்கத்திலேயே அதைத்தான் கேட்டார். "இருநூறுன்னு சொல்லிட்டு ஏன் குறைஞ்சது?"

நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சியின் முகம் கண்முன் வந்தது. "மொதல்ல நூறு நான்தான் தப்பா எடுத்தேன் மேடம்" என்று ஆரம்பித்து, சித்தியின் நாலிலிருந்து ஒன்பது அடுக்குவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்த நூறையும் தூக்கிப் போட்டாச்சா?"

"இல்ல மேடம்" என்றாள் என் கூட்டாளி. அறையில் அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. "கடைசி அத்தியாயத்துல இருக்கு. கூடி இருக்கும்போது சொன்னது ஒரு பக்கம், தனியாச் சொன்னது ஒரு பக்கம்."

அம்மையார் கடைசி அத்தியாயத்தைத் திறந்தார். அதை ரொம்ப நேரம் படித்தார். கைடும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். நூறைத் தூக்கிப்போடத்தான் நான் சொல்லியிருந்தேன். வீணாகப் போனது என்று நான் நினைத்ததையே அவள் ப்ராஜெக்ட்டின் உயிராக்கி வைத்திருந்தாள். மதிப்பெண் பிரமாதம் என்று சொல்லமுடியாது, சாம்பிள் குறைந்ததற்குக் குறைத்துத்தான் போட்டார்கள். ஆனால் தேறிவிட்டோம். ஜூனில் மில்லில் சேர்ந்தேன்.

தங்கச்சிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, பணம் கட்டவேண்டிய நாள் வந்தது. அம்மா சேர்த்து வைத்திருந்ததும் என் முதல் சம்பளமும் அம்மாவின் கணக்கில்தான் இருந்தன. கார்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். "இனிமே இது ஒங்கிட்ட இருக்கட்டும். நம்பரையும் ஒனக்குப் பிடிச்சதா மாத்திக்கோ. எப்பிடின்னு சொல்லித் தாரேன்" என்றேன்.

அம்மா திகைத்துப்போய், "ஏன், நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். பொய் சொல்லவராத ஒருத்தியோடு அவ்வளவு நாள் சுற்றிய பிறகு, அந்தப் பொய்யை மட்டும் நான் மனசு நிறைந்து சொன்னேன்.

தங்கச்சியும் கூட வந்தாள். ஏ.டி.எம். வாசலில் வரிசை இருந்தது. பழைய எண்ணைச் சொல்லிக்கொடுத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று மூன்று தடவை காட்டினேன். மூன்றாவது தடவை அம்மா தலையாட்டினாள். பிறகு கார்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "செத்த வெளிய போயி நில்லு" என்றாள்.

வெளியே வந்து ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அம்மா வர நேரமானது. பின்னால் நின்ற ஒருவர், உள்ளே என்னம்மா செய்கிறார்கள், கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். அவிய கணக்கு, அவிய மெதுவாத்தான் எடுப்பாவ என்றேன். கதவு திறந்து அம்மா வந்தாள். பணத்தை என்னிடம் தரவில்லை. நேரே தங்கச்சியின் கையில் கொடுத்து, "பாத்து எண்ணிக் கட்டு" என்றாள்.

அந்தப் புது நாலு எண் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.